நடுநிலையாளரின் மஞ்சள் சீட்டு

2011 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு, விஸ்கான்சின் மாநிலம் ஆல்டர் ராப்பிட்ஸ் நகரத்துப் பழைய உயர்நிலைப் பள்ளியின் கொதிகலன் அறையில், மரவேலையாளர் கழகம், ஜிக் எனப்படும் பலகை வெட்டும் சட்டங்கள் மூன்றைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. முதலாம் ஜிக்குக்கு வாக்கு எதுவும் விழவில்லை. இரண்டாம் ஜிக்குக்கு ஒன்று. மூன்றாம் ஜிக்குக்கு எதுவும் இல்லை. 'மற்றவர்களுக்கு எது சரியோ அதுவே எனக்கும்' என்ற கட்டத்தில் முப்பத்தேழு.

அந்த ஒரு வாக்கு ஆர்லன் வோஜானுடையது. வாக்கெடுப்பு இரகசியமானது. ஆனால் மற்ற முப்பத்தேழு பேருக்கும் வெள்ளைச் சீட்டு தரப்பட்டிருந்தது. ஆர்லனுக்கு மட்டும் மஞ்சள்.

ஆர்லனுக்கு எழுபத்தொரு வயது. காகித ஆலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் சுருள் சுற்றும் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். மனைவி லவோன் நினைவு தப்பிப் போய், குன்றின் மேல் உள்ள முதியோர் இல்லத்தில் பதினான்காம் அறையில் இருந்தாள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அவள் தன் அறையிலிருந்த துணிப்பெட்டியின் ஆறு இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறப்பாள், உள்ளே பார்ப்பாள், மூடுவாள். ஆறையும் முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அதுதான் வேலை. அந்த நேரத்தில் அவள் அழுவதில்லை, யாரையும் கூப்பிடுவதில்லை, சில நாள் மெதுவாக ஏதோ முனகிப் பாடவும் செய்வாள்.

இல்லத்தின் பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை; மூலைகளில் கம்பி ஊசி அடித்திருக்கும். நாள் முழுக்க இழுத்தால் முன்பலகை மட்டும் கையோடு வந்துவிடும். அப்போது லவோன் அந்தப் பலகையைப் பிடித்தபடி, உடைத்தது யார் என்று யாராவது கேட்கப் போகிறார்கள் என்பதுபோல் நின்றுகொண்டிருப்பாள். மார்ச் மாதத்துக்குள் மூன்று பெட்டிகள் போயின. நான்காவதும் உடைந்தால் அறையில் பெட்டியே வைப்பதற்கில்லை என்று இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தைக் கொடுத்த பணிப்பெண் டாமி, "நான் எழுதல ஆர்லன், ஆபீஸ்ல எழுதினது. இழுத்தா கழண்டு வராத டிராயர் எங்கயாச்சும் கிடைச்சா கொண்டு வாங்க. நான் எதையும் பாக்காத மாதிரி இருந்துடறேன், அவ்வளவுதான்" என்றாள்.

கழன்று வராத இழுப்பறை எப்படி இருக்கும் என்று ஆர்லனுக்குத் தெரியும். பழைய வீட்டில் ஒன்று இருந்தது. நாற்பது வருடம் இழுத்தும் அசையவில்லை. அதன் மூலைகளில் ஒரு பலகையின் நுனி, புறா வாலை விரித்ததுபோல் அகன்று, மறு பலகையில் போய் மாட்டியிருக்கும். தட்டி இறக்கிவிட்டால் பிறகு எவ்வளவு இழுத்தாலும் பிரியாது. இல்லத்துச் செலவுக்காக வீட்டை விற்றபோது, சாமான்களோடு அந்தப் பெட்டியும் போய்விட்டது.

இப்போது அவர் குடியிருந்தது முதியவர்களுக்கான அடுக்குமாடியில். அங்கே சுவரில் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். ரம்பம் பிடித்து நேராக அறுக்க அவர் கை நடுங்கும். நடுங்கும் கைக்குத்தான் ஜிக் என்று ஒன்று இருக்கிறது: பற்கள் வைத்த அலுமினியச் சட்டம். பலகைகளை அதில் இறுக்கிவிட்டு, ரவுட்டர் என்ற சுழல்வெட்டு இயந்திரத்தை அந்தப் பற்களின் ஊடாக ஓட்டினால் போதும். கை தவறினாலும் வெட்டு தவறாது. ஊரில் அந்த இயந்திரம் பொதுவில் இருந்த ஒரே இடம் மரவேலையாளர் கழகம். அதன் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'எந்த ஜிக்கைத் தேர்வது என்று குழப்பமா? வாருங்கள், நண்பர்களாகச் சேர்ந்து தேர்வோம்.'

ஏப்ரல் முதல் வாரத்தில் ஆர்லன் உறுப்பினரானார்.

கழகத்தில் இரண்டு காபிக் கொதிகலங்கள் இருப்பதை அவர் முதல் நாளே கவனித்தார். புறாவால் இணைப்பில் ஒரு பலகையில் வால்களும் மறு பலகையில் அவற்றுக்கு இடைப்பட்ட முளைகளும் வெட்ட வேண்டும். எதை முதலில் வெட்டுவது என்பதில் கழகம் 1987-இலேயே இரண்டாகப் பிரிந்திருந்தது. வால்முதல்காரர்கள் நார்பர்ட் கிளிங் தலைமையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். முளைமுதல்காரர்கள் ஹாலிஸ் என்பவர் தலைமையில் கதவுப் பக்கம். இணைப்பு கூடிய பிறகு எதை முதலில் வெட்டினார்கள் என்று பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது. அதனால்தான் விவாதம் முடியாமல் இருந்தது. யாரும் குரலை உயர்த்தியதில்லை. ஒருவர் வேலையை மற்றவர் பார்த்து, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்று சொல்வார். அந்த ஊரில் அதைவிடக் கடுமையான சொல் கிடையாது.

ஜிக்கோ வாலையும் முளையையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து வெட்டிவிடும். எனவே அது இரு தரப்பையும் சமமாகப் புண்படுத்தியது. எதிர்க்கிறேன் என்று சொல்வது மரியாதையில்லை என்பதால், ஒப்பீடு செய்து தேர்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். மூன்று உற்பத்தியாளர்கள் ஆளுக்கு ஒரு ஜிக் அனுப்பினார்கள். மூன்றும் பெட்டி பிரிக்கப்படாமல், சிவப்பு நாடா சுற்றி, நடு மேசையில் வைக்கப்பட்டன. ஒப்பீடு முடியும்வரை யாரும் எந்த ஜிக்கையும் தொடக் கூடாது. வெளியிலிருந்து கொண்டுவந்தும் பயன்படுத்தக் கூடாது. ஆர்லன் சேர்ந்தபோது ஒப்பீட்டுக்கு வயது எட்டு மாதம்.

ஒப்பீட்டுக் குழுவின் தலைவர் கெய்லார்ட் ஸ்டென்ரூட். மாவட்ட எடை அளவைத் துறையில் பெட்ரோல் பம்புகளையும் இறைச்சிக் கடைத் தராசுகளையும் சோதித்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு அளவுகோல் இருக்கும். புதிய உறுப்பினர்களுக்கு அவர் ஆற்றும் வரவேற்புரை கழகத்தின் செய்தி மடலில் முழுமையாக வெளிவந்திருக்கிறது.

"ஜிக் வாங்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல," என்று தொடங்கியது உரை. "எந்த முட்டாளும் கடைக்குப் போய் ஒண்ண எடுத்துட்டு வந்துருவான். சாயங்காலத்துக்குள்ள டிராயரும் பண்ணி முடிச்சிருவான். அப்பறம்? அது சரியான ஜிக்தானான்னு அவனுக்கு சாகறவரைக்கும் தெரியாது. நாம அப்படி இல்ல. எட்டு மாசமா நாம ஒரு தப்பான ஜிக்கக்கூட வாங்கல. இந்த மாவட்டத்துல வேற எந்த அமைப்பாவது அப்படிச் சொல்ல முடியுமா?"

ஜன்னல் பக்கமும் கதவுப் பக்கமும் சமமாகக் கை தட்டின.

மூன்று ஜிக்கிலும் வெட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். வால்முதல்காரர் வெட்டினால் முளைமுதல்காரர்கள் முடிவை ஏற்க மாட்டார்கள், அதாவது ஏற்றுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஜூன் மாதக் கூட்டத்தில் கெய்லார்ட் ஒவ்வொருவராக எழுப்பி, எந்தப் பக்கம் என்று பதிவு செய்துகொண்டு வந்தார். ஆர்லனின் முறை வந்தது.

"முதல்ல வாலா, முளையா?"

"எனக்குத் தெரியாதுங்க," என்றார் ஆர்லன். "நான் ஒரு டிராயர் பண்ணணும். அவ்வளவுதான்."

மாவட்டத்தில் அப்படி ஒருவர் இருப்பார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆர்லன் அங்கேயே நடுநிலையாளராக நியமிக்கப்பட்டார்.

இனி மூன்று ஜிக்குகளும் தன் கைக்கு வரும் என்று ஆர்லன் நினைத்தார். சோதனையோடு சோதனையாக ஆறு இழுப்பறைகளுக்கான வெட்டும் முடிந்துவிடும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டார். அன்று இரவு உணவுக்கு அவர் வறுத்த மீன் வாங்கினார், அந்த ஊரில் மீனுக்கென்று இருந்த வெள்ளிக்கிழமை இல்லாமலே.

மறு வாரம் நடுநிலைமையைப் பாதுகாப்பதற்கான விதிகள் வந்தன. நடுநிலையாளர் மரவேலை எதையும் கற்கக் கூடாது. கற்றால் சாய்வு வந்துவிடும். கருவிகளைத் தொடக் கூடாது. உறுப்பினர்கள் அவரிடம் இணைப்பு, பலகை, வெட்டு ஆகியவை பற்றிப் பேசக் கூடாது. அந்தக் கொதிகலன் அறையில் வேறு பேச்சு கிடையாது என்பதால், நடைமுறையில் யாரும் அவரிடம் பேசவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே, பழைய கொதிகலனை ஒட்டி, அவருக்குத் தனி மேசை போட்டார்கள். இரண்டு காபியில் எதைக் குடித்தாலும் கேள்வி வரும் என்பதால் மூன்றாவதாக ஒரு சின்னக் கொதிகலம் வாங்கி வைத்தார்கள். அதில் ஒருவருக்கான காபிதான் வரும். அவர் வரும்போது எல்லோரும் தலையசைத்தார்கள். "எப்படி இருக்கீங்க?" என்பார்கள். "மோசமில்ல" என்பார் அவர். அதற்குள் அவர்கள் ஓரடி நகர்ந்திருப்பார்கள்.

லவோனைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை. விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்ற இடத்தில் 'டிராயர், ஆறு' என்று எழுதியிருந்தார்.

அடுத்து, சோதனைக்கான பலகைகள். மேப்பிள் மரமா பாப்லர் மரமா என்று முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட துணைக்குழு அமைந்தது. இரண்டிலும் பாதிப் பாதி என்று ஆறு வாரத்தில் அறிக்கை தந்தது. வாங்கி வந்த பலகை அந்த அறையின் ஈரப்பதத்துக்குப் பழக வேண்டும் என்பது மரவேலையில் எல்லோரும் அறிந்தது. வழக்கமாக ஒரு வாரம் போதும். கெய்லார்ட் அறுபது நாள் என்றார். இருபத்திரண்டாம் நாள் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நின்றுபோனதால், நாள்கள் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணப்பட்டன. ஆகஸ்ட் கடைசியில், முப்பத்தெட்டுப் பேரின் மூச்சு பலகைகளைப் பாதிக்கிறது என்று அளந்து கண்டுபிடித்தார்கள். வியாழக்கிழமைகளில் உறுப்பினர்கள் வந்து வேலை செய்யவும் காபி குடிக்கவும் இருந்த திறந்த நேரம், பலகைகளின் நலன் கருதி நிறுத்தப்பட்டது. முப்பத்தெட்டில் இருபத்தாறு பேர் தனியாக வசிப்பவர்கள். யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ஆர்லன் அந்தப் பக்கமாக நடந்தபோது, பூட்டிய கதவுக்கு வெளியே நான்கைந்து கார்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர், இஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டார். அவர் கையசைத்தார். அவர்களும் கையசைத்தார்கள்.

இதற்கிடையில் நான்காம் பெட்டியை அவர்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். தினமும் லவோன் சாப்பிடப் போகும் நேரத்தில் மூலைகளுக்குப் பசை வைத்து, மீன்பிடி நரம்பால் இறுக்கிக் கட்டுவார். டாமி வாசலில் நின்று பார்த்துக்கொள்வாள். செப்டம்பர் முடிவில் கீழ் இழுப்பறைகள் இரண்டும் பசை பிடிக்க இடமில்லாமல் நொறுங்கியிருந்தன. அவற்றைத் திறக்க முடியாதபடி ஆணி அடித்தார். லவோன் அந்த இரண்டையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். "பூட்டிட்டாங்க," என்று அவரிடம் முறையிட்டாள், அவர் யாரென்று தெரியாமல்.

அக்டோபரில் கெய்லார்ட் ஒரு புதிய யோசனையோடு வந்தார். ஒப்பீட்டுக்கு முன், ஒப்பீட்டின் முடிவைப் பற்றிக் கழகத்துக்கு ஏதாவது விருப்பம் இருக்கிறதா என்று அறிய ஒரு வாக்கெடுப்பு. விருப்பம் இருந்தால் ஒப்பீடு ஒருதலைப்பட்சமாகிவிடும், இல்லையென்றால் தொடரலாம். நடுநிலையாளரின் கருத்து மற்றவர்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக அவருக்கு மஞ்சள் சீட்டு.

பதினொன்றாம் தேதி மாலை ஆர்லன் தன் தனி மேசையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தார். எதிரே மூன்று பெட்டிகள். இரண்டாம் ஜிக்கின் பெட்டிமேல் ஒரு படம் இருந்தது: பாதி திறந்த இழுப்பறை, அதன் மூலையில் வரிசையாகப் புறாவால்கள். அவர் இரண்டு என்ற கட்டத்தில் குறியிட்டார்.

எண்ணி முடித்ததும் கெய்லார்ட் எழுந்து, முப்பத்தேழு பேரின் ஒருமித்த கருத்தைப் பாராட்டினார். "இந்தக் கழகத்துக்குன்னு ஒரு கருத்து இல்லங்கறது எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா? இருபத்தாறு வருஷம் நான் தராசு சோதிச்சேன். நல்ல தராசு எது? எதையும் நிறுக்காம, முள்ளு நடுவுல நிக்கறதுதான் நல்ல தராசு. சாமான வெச்ச உடனேதான் தகராறே ஆரம்பிக்குது." பிறகு மஞ்சள் சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "ஆர்லன், உங்கள வருத்தப்படுத்தக் கேக்கல. ஏன் ரெண்டு?"

ஆர்லன் எழுந்தார். முப்பத்தேழு பேரும் திரும்பியதில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. நான்கு மாதத்தில் அவர்கள் அவரை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அந்தப் பெட்டி மேல டிராயர் படம் இருக்கு," என்றார். "என் சம்சாரம் குன்று மேல இல்லத்துல இருக்கா. நாள் பூரா டிராயர இழுத்துக்கிட்டே இருப்பா. கையோட கழண்டு வந்தா பயந்துக்கறா. கழண்டு வராம ஒண்ணு செஞ்சு குடுக்கணும்னுதான் நான் இங்க வந்தேன். எந்த ஜிக்கா இருந்தாலும் எனக்குச் சரிதான். ஆனா ஒண்ணு வேணும்."

ஹாலிஸ் தன் காபிக் கோப்பைக்குள் பார்த்தார். நார்பர்ட் ஜன்னலைப் பார்த்தார்; ஜன்னலில் இருட்டைத் தவிர ஒன்றும் இல்லை. முன்வரிசையிலிருந்து ஒருவர் மெதுவாக, "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார்.

கூட்டக் குறிப்பில் இது இவ்வாறு பதிவாகியுள்ளது: 'நடுநிலையாளர் தமக்குத் தனிப்பட்ட விருப்பு இருப்பதை ஒப்புக்கொண்டார். அவர் நீக்கப்பட்டார். அவரது சேவைக்குக் கழகம் நன்றி தெரிவித்தது. எலுமிச்சைக் கேக் பரிமாறப்பட்டது.'

கேக்கில் கடைசித் துண்டை யாரும் எடுக்கவில்லை. ஒருவர் அதில் பாதியை வெட்டி எடுத்தார், அடுத்தவர் மீதியில் பாதியை. எல்லோரும் கோட்டை மாட்டும்போது தட்டில் நகத்தளவு ஒரு துண்டு மீந்திருந்தது.

கார்கள் நிற்கும் இடத்தில் நார்பர்ட் கிளிங் ஆர்லனுக்காகக் காத்திருந்தார். எண்பது தாண்டியவர், இருபது வருடமாகக் கையால் மட்டுமே வால் வெட்டுபவர் என்று பெயர். தன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினார்.

"என் வீட்டு நிலவறைல ஒரு ஜிக் இருக்கு. அந்த ரெண்டாம் நம்பர்தான். போர்வை போத்தி வெச்சிருக்கேன், யாருக்கும் தெரியாது. ஹாலிஸ் கிட்டயும் ஒண்ணு இருக்குன்னு அவன் சம்சாரம் சொல்லியிருக்கா. நீ பலகை மட்டும் கொண்டு வா. ஒரு மத்தியானத்துல ஆறையும் வெட்டிரலாம்."

அந்த ஊரில் ஒருவர் எதையாவது தந்தால் முதல் தடவை மறுக்க வேண்டும். இரண்டாம் தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாம் தடவை வாங்கிக்கொள்ளலாம். காபியானாலும் சிறுநீரகமானாலும் அதுதான் முறை.

"அய்யோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றார் ஆர்லன்.

"சிரமம் என்னப்பா இதுல. நான் சும்மாதான் இருக்கேன். வா."

"இல்லங்க, பரவால்ல. நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன்."

இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. நார்பர்ட் வாயைத் திறந்தார். அப்போது பின்னால் சாவிக் கொத்தின் சத்தம் கேட்டது. கெய்லார்ட் கதவைப் பூட்டிவிட்டு அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். போர்வைக்கு அடியிலிருந்த ஜிக்கின் சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"பனி வரும் போல," என்றார்.

"சீக்கிரமே வரும் போல," என்றார் ஆர்லன்.

கெய்லார்டும் வானத்தைப் பார்த்து ஆமோதித்தார். பிறகு மூன்று கார்களும் கிளம்பின.

மூன்றாம் அழைப்புக்காக ஆர்லன் தொலைபேசிப் பக்கத்திலேயே இரண்டு வாரம் இருந்தார். எட்டுப் பலகைகள் வாங்கிக் காரின் பின்பக்கம் போட்டு வைத்திருந்தார். நார்பர்ட் தன் வீட்டில், இரண்டு தடவை கூப்பிட்டும் வராத ஆளை மேலும் தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தார். இதை நார்பர்டே பின்னால் டாமியின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இரண்டு வீடுகளுக்கும் இடையே நான்கு தெரு.

நவம்பர் 3 அன்று, நான்காம் பெட்டியின் மேல் இழுப்பறை லவோனின் கையோடு வந்தது. பிற்பகலில் பெட்டி அகற்றப்பட்டது. தரைவிரிப்பில் அதன் நான்கு கால்களின் தடம் இருந்தது. மறுநாள் காலை முழுக்க லவோன் அந்த இடத்தில் நின்று, சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வந்த ஆர்லன் கோட்டைக் கழற்றாமல் அவள் பக்கத்தில் நின்றார். அவள் திரும்பி, அவருடைய கோட்டுப் பையின் மூடியைத் தூக்கினாள். உள்ளே கைவிட்டாள். பார்த்தாள். மூடியைச் சரிசெய்து தட்டிவிட்டாள். பிறகு அடுத்த பை. வெளியே நான்கு, உள்ளே இரண்டு. ஆறும் முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். மதிய மணி அடிக்கும்வரை அவர் நின்றுகொண்டிருந்தார்.

டிசம்பர் செய்தி மடலில், ஜிக் ஒப்பீடு 2013 வரை நீட்டிக்கப்பட்டதாகவும், நடுநிலையாளர் பதவிக்கு விண்ணப்பங்கள் வரவேற்கப்படுவதாகவும் அறிவிப்பு வந்தது. விண்ணப்பங்கள் வரவில்லை. மூன்று பெட்டிகளும் சிவப்பு நாடாவோடு நடு மேசையில் இருக்கின்றன.

பைகளின் தையல் வசந்தத்துக்குள் இரண்டு தடவை பிரிந்தது. டாமி இரட்டை நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தாள். ஆர்லன் தினமும் காலை ஒன்பது மணிக்குப் பதினான்காம் அறைக்குப் போகிறார். ஜூலையிலும் அந்தக் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் போகிறார்.